மேற்கு வெர்ஜீனியாவில் கரி வேலை திரும்புகிறதா? செந்தூலில் இருந்து ஒரு கணக்கு

கோலாலம்பூரின் செந்தூலில் நான் வழக்கமாகத் தே தாரிக் குடிக்கும் மாமாக் கடையில் எந்நேரமும் செய்திச் சேனல் ஓடிக்கொண்டிருக்கும், சத்தம் இருக்காது, படம் மட்டும்தான். 2025 ஏப்ரலில் ஒரு நாள் அதில் டிரம்ப் ஒரு மேசைக்கு முன்னால் நின்று பேசுகிறார், அவருக்குப் பின்னால் சுரங்கத் தொப்பி போட்ட ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள். நிலக்கரிக்கு மறுபடி உயிர் கொடுக்கப் போவதாக அவர் கையெழுத்துப் போட்ட நாள் அது. எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த அண்ணன் ஒருவர், எழுபது வயது இருக்கும், அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அப்போ கரி வேலையெல்லாம் திரும்பி வருதா, தம்பி?"

அவர் கேட்டதற்குக் காரணம் உண்டு. அவருடைய அப்பா ரயில் எஞ்சினில் கரி அள்ளிப் போட்டவர். செந்தூல் ரயில்வே பட்டறையை நம்பி வளர்ந்த தமிழ்க் குடும்பங்களில் அப்படி ஒருவராவது இருப்பார். அன்றைக்கு நான் "வராது அண்ணே" என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டேன். அது சரியான பதில்தான், ஆனால் நியாயமான பதில் இல்லை. ஏன் வராது, கொஞ்சமாவது வருகிறதா, வந்தால் யாருக்கு வருகிறது என்பதையெல்லாம் சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. அமெரிக்காவில் நிலக்கரிச் சுரங்கங்களில் மிக அதிகமான ஆட்கள் வேலை செய்த வருடம் 1923. கிட்டத்தட்ட 8 லட்சத்து 60 ஆயிரம் பேர். அந்த வருடம் வெட்டி எடுத்தது சுமார் 650 மில்லியன் டன். அப்புறம் 2008-க்கு வாருங்கள். அமெரிக்க வரலாற்றிலேயே அதிகமான கரி வெட்டிய வருடம் அதுதான், 1,170 மில்லியன் டன். அதை வெட்டியவர்கள் எத்தனை பேர்? சுமார் 87,000. கரி ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஆள் பத்தில் ஒரு பங்கு. இந்தக் கணக்கை ஒரு தடவை மனதில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரிய ஆரம்பிக்கும். கரி அதிகமாக வெட்டினால் வேலை கூடும் என்று அரசியல்வாதிகள் பேசுகிறார்கள், ஆனால் கரியும் வேலையும் சேர்ந்து நடந்த காலம் முடிந்து நூறு வருடம் ஆகப்போகிறது.

இது எப்படி நடந்தது என்று பார்த்தால் வில்லன் என்று ஒருவரைச் சுட்டிக் காட்டுவது கஷ்டம். ஆரம்பத்தில் அப்பலாச்சிய மலைத்தொடரில், அதாவது மேற்கு வெர்ஜீனியா, கிழக்கு கென்டக்கி பக்கம், கரி வெட்டுவது முழுக்க உடம்பு வேலை. ஆள் படுத்துக்கொண்டோ மண்டியிட்டோ கடப்பாரையால் பெயர்த்து, மண்வாரியால் தள்ளுவண்டியில் அள்ளிப் போட வேண்டும், எத்தனை டன் அள்ளினானோ அத்தனை டன்னுக்குத்தான் கூலி. அள்ளுவதற்கு இயந்திரம் வந்தது, அப்புறம் வெட்டுவதையும் அள்ளுவதையும் ஒரே மூச்சில் செய்யும் இயந்திரம் வந்தது. 1950-ல் சுரங்கத் தொழிலாளர் சங்கத் தலைவர் ஜான் எல். லூயிஸ் முதலாளிகளோடு ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார். இயந்திரத்தை எதிர்க்க மாட்டோம், பதிலுக்கு வெட்டும் ஒவ்வொரு டன்னுக்கும் இவ்வளவு என்று தொழிலாளர் நல நிதிக்குக் கொடுத்துவிட வேண்டும். மருத்துவம், ஓய்வூதியம் எல்லாம் அந்தப் பணத்தில். குறைந்த ஆட்கள், ஆனால் நல்ல சம்பளம். ஒரு தொழிற்சங்கத் தலைவர் தெரிந்தே தன் சங்கத்தின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டார் என்று சிலர் அவரைத் திட்டுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எப்படியும் வரப்போகிற இயந்திரத்திடம் இருந்து கிடைத்ததை வாங்கி வைத்த மனுஷர் என்றுதான் நினைக்கிறேன்.

விளைவு என்னவென்றால், 1940-களின் இறுதியில் 1 லட்சத்து 25 ஆயிரத்துக்கும் மேல் சுரங்கத் தொழிலாளர்கள் இருந்த மேற்கு வெர்ஜீனியாவில் 1960-களின் தொடக்கத்தில் 50,000 பேர்கூட இல்லை. கவனியுங்கள், அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை என்ற ஒன்று தொடங்கப்பட்டதே 1970-ல்தான். பசுமைச் சட்டங்கள் வந்துதான் எங்கள் வேலை போயிற்று என்று இன்றைக்குப் பேசுகிறார்களே, பாதிக்கும் மேற்பட்ட வேலைகள் அந்தச் சட்டங்கள் பிறப்பதற்கு முன்னாலேயே போய்விட்டன. வேலை போனவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஒஹாயோவுக்கும் டெட்ராய்ட் கார் தொழிற்சாலைகளுக்கும் போனார்கள், மலேசியாவில் ரப்பர்த் தோட்டம் துண்டாடப்பட்டபோது நம் ஆட்கள் ஷா ஆலாமுக்கும் கிள்ளானுக்கும் போன மாதிரி.

மெக்டவல் என்று ஒரு மாவட்டம், மேற்கு வெர்ஜீனியாவின் தெற்கு மூலையில். 1950-ல் அங்கே கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேர் இருந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் 19,111 பேர். சுரங்கம் போன பிறகு அந்தப் பக்கத்துக்குப் பெரிய முதலாளியாக இருந்தது ஒரு வால்மார்ட் கடை, 2016-ல் அதையும் மூடிவிட்டார்கள். ஊர் என்றால் சுரங்கம், சுரங்கம் போனால் கடை, கடையும் போனால் என்ன இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்தது வயோமிங் மாநிலம். இதைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை, ஆனால் அப்பலாச்சியாவின் சோற்றில் மண்ணைப் போட்டதில் சக நாட்டுக்காரனான வயோமிங்குக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே பவுடர் ரிவர் என்ற சமவெளியில் கரிப் படுகை 60 அடிக்கும் மேல் கனம், மேல்மண்ணை ஒதுக்கினால் போதும், வீடு அளவுக்கு இருக்கும் லாரிகளில் அள்ளிக்கொண்டு போகலாம். அப்பலாச்சியாவிலோ மிச்சம் இருப்பது மூன்றடி, நான்கடிப் படுகை, அதுவும் மலைக்கு உள்ளே. வயோமிங் திறந்தவெளிச் சுரங்கத்தில் ஓர் ஆள் ஒரு மணி நேரத்தில் எடுப்பது 25 டன்னுக்கு மேல், அப்பலாச்சியாவில் சுமார் 3 டன்னுக்கே தடுமாறுகிறார்கள். இதில் 1990-ல் அமில மழையைத் தடுக்கக் காற்று மாசுச் சட்டத்தைத் திருத்தினார்கள், கந்தகம் குறைவான வயோமிங் கரிக்கு இன்னும் கிராக்கி கூடியது. சட்டம் வேலையைக் கெடுத்தது என்பதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சட்டம் கரியை ஒழிக்கவில்லை, ஒரு மாநிலத்தில் இருந்து இன்னொரு மாநிலத்துக்குத் தள்ளியது. இன்றைக்கு அமெரிக்கக் கரியில் சுமார் 40 விழுக்காடு அந்த ஒரு சமவெளியில் இருந்து வருகிறது.

மூன்றாவது அடி எரிவாயு. 2000-களின் பிற்பகுதியில் பாறையை உடைத்து வாயு எடுக்கும் முறை சூடு பிடித்ததும் எரிவாயு விலை மடமடவென்று சரிந்தது. மின்நிலைய முதலாளிக்கு மலையும் தெரியாது, தொழிலாளியும் தெரியாது, எது மலிவோ அதை எரிப்பான். 2000-களின் நடுவில் அமெரிக்க மின்சாரத்தில் ஏறக்குறைய பாதி கரியில் இருந்து வந்தது. 2016-ல் எரிவாயு முந்திக்கொண்டது. 2023-ல் கரியின் பங்கு 16 விழுக்காடுதான். வாயுவுக்குப் பின்னால் காற்றாலை, சூரியசக்தி எல்லாம் வந்து சேர்ந்தன, ஆனால் முதலில் கழுத்தைப் பிடித்தது வாயு. வேடிக்கை என்னவென்றால் அந்த மலிவு வாயுவில் நல்ல பங்கு அதே அப்பலாச்சியாவின் அடியில் இருந்துதான் வருகிறது.

இந்த நிலைமையில்தான் 2016 தேர்தல் வந்தது. "டிரம்ப் கரி வெட்டுகிறார்" என்ற பலகைகளைக் கூட்டங்களில் தூக்கிப் பிடித்தார்கள். அவர் ஜெயித்தார், பதவிக்கு வந்த அடுத்த மாதமே, 2017 பிப்ரவரியில், சுரங்கக் கழிவில் இருந்து ஓடைகளைக் காப்பாற்றும் விதியை நீக்கினார், ஜூனில் பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்தில் இருந்து விலகுவதாக அறிவித்தார். வேலை? அவர் வந்தபோது நாடு முழுவதும் சுரங்கத்தில் இருந்தவர்கள் சுமார் 50,000 பேர். கொரோனா வருவதற்கு முன்புவரை அந்த எண் பெரிதாக ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கொரோனாவுக்குப் பிறகு 40,000 பக்கம் விழுந்து அங்கேயே கிடக்கிறது. பைடன் காலத்தில், உக்ரைன் போரால் உலகச் சந்தையில் கரி விலை எகிறியபோது, சில ஆயிரம் வேலைகள் கூடின. கரியை வெறுப்பவர் என்று பேர் வாங்கியவர் காலத்தில் கூடியது, கரியின் காவலர் காலத்தில் குறைந்தது. இதை வைத்து பைடனைப் பாராட்டுவதும் தப்பு, இரண்டு பேருக்குமே அதில் பெரிய பங்கு இல்லை, சந்தை விலைதான் காரணம்.

நல்ல அரசாங்கம் இருந்தும் கம்பெனிகள் சாய்ந்தன என்பதைப் பார்க்க வேண்டும். மரி எனர்ஜி என்ற பெரிய கரி நிறுவனம் 2019 அக்டோபரில் திவால். அதே வருடம் ஜூலையில், பிளாக்ஜுவல் என்ற நிறுவனம் திவாலாகி, தொழிலாளர்களுக்குக் கொடுத்த சம்பளக் காசோலைகள் வங்கியில் செல்லாமல் திரும்பின. கென்டக்கியின் ஹார்லன் மாவட்டத்தில் அந்த ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அவர்கள் வெட்டிய கரியை ஏற்றிக்கொண்டு ஒரு ரயில் கிளம்பியது, போய்த் தண்டவாளத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். "சம்பளம் இல்லையா, கரியும் இல்லை." கூடாரம் போட்டு, பிள்ளைகுட்டிகளோடு, கிட்டத்தட்ட இரண்டு மாதம். இதைப் படித்தபோது எனக்கு அண்ணனின் கேள்விதான் ஞாபகம் வந்தது. திரும்பி வரும் வேலை என்று சொல்கிறோமே, அது இப்படிப்பட்ட வேலையாகவும் இருக்கலாம்.

சரி, 2025-க்கு வருவோம். இந்தத் தடவை ஒன்று மாறியிருக்கிறது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். இருபது வருடமாக அசையாமல் இருந்த அமெரிக்க மின்சாரத் தேவை மறுபடி ஏறுகிறது, முக்கியமாகத் தரவு மையங்களால். நமக்கு இது புதிது இல்லை, ஜொகூரில் முளைக்கும் தரவு மையங்களுக்கு மின்சாரமும் தண்ணீரும் எங்கிருந்து வரும் என்று நாமும்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். மின்சாரத் தட்டுப்பாடு வரும் என்ற பயத்தைக் காட்டி, மூடுவதற்கு நாள் குறித்த பழைய கரி மின்நிலையங்களை மூடாதே என்று அமெரிக்க எரிசக்தித் துறை அவசர உத்தரவு போடுகிறது. மிச்சிகன் மாநிலத்தின் கேம்பெல் மின்நிலையம் 2025 மே கடைசியில் மூட வேண்டியது, அந்த உத்தரவால் தொடர்ந்து ஓடுகிறது.

இதனால் கரி எரிவது கொஞ்சம் கூடும். எரியும் கரிக்கு ஏற்ப வேலை கூடுமா? இங்கேதான் வயோமிங்கை ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும். நடு அமெரிக்காவில் இருக்கும் இந்த மாதிரி மின்நிலையங்கள் பலவும் வாங்குவது வயோமிங் கரியை. கூடுதலாகச் சில மில்லியன் டன் கேட்டால் அங்கே இருக்கிற லாரியே இன்னும் நாலு நடை போகும். மெக்டவல் மாவட்டத்தில் ஒரு கடைகூட அதனால் திறக்காது. அது போக, பழைய மின்நிலையத்தின் ஆயுளை நீட்டுகிறார்களே தவிர, பெரிய புதிய கரி மின்நிலையம் ஒன்று அமெரிக்காவில் கட்டிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. முப்பது வருடம் ஓடும் என்ற நம்பிக்கை இல்லாமல் எந்த முதலாளி புதிய சுரங்கம் தோண்டுவான்? நாலு வருடத்தில் வேறு ஆள் வந்து உத்தரவைக் கிழித்துப் போடலாம் என்று அவனுக்கும் தெரியும்.

அப்பலாச்சியாவில் உண்மையிலேயே வேலை இருக்கிறது என்றால் அது வேறு கரியில். எஃகு உருக்குவதற்குத் தனி ரகக் கரி வேண்டும், அதைச் சூளையில் வேகவைத்துக் கோக் ஆக்கித்தான் இரும்பு உலையில் போடுவார்கள். மேற்கு வெர்ஜீனியாவின் தெற்குப் பக்கத்துக் கரி அந்த ரகத்தில் உயர்ந்தது, வயோமிங்கிடம் இது கிடையாது. அமெரிக்கக் கரியைப் பெருமளவில் வாங்கும் நாடுகளில் இந்தியா முன்வரிசையில் நிற்கிறது. ஆக மெக்டவல் பக்கம் ஒரு சுரங்கம் திறக்குமா, மூடுமா என்பதை வாஷிங்டனை விட இந்திய உருக்காலைகளும் சீனத்து வீடமைப்புத் துறையும் அதிகமாகத் தீர்மானிக்கின்றன. 2025 பிப்ரவரியில் வரிச் சண்டை தொடங்கியபோது சீனா அமெரிக்கக் கரிக்கு 15 விழுக்காடு வரி போட்டது, கரியைக் காப்பாற்ற வந்தவரின் சண்டையே கரி விற்பனைக்குக் குறுக்கே நின்றது.

இப்போது நான் சொல்லப் போவது வேலை எண்ணிக்கையில் வராத விஷயம். கனமான படுகைகள் தீர்ந்துபோய் மெல்லிய படுகைகளை வெட்டுகிறார்கள் என்றேன் அல்லவா, மூன்றடிப் படுகைக்குள் இயந்திரமும் ஆளும் நுழைய வேண்டுமானால் மேலும் கீழும் இருக்கும் கல்லையும் சேர்த்து வெட்ட வேண்டும். அந்தக் கல்தூசியில் இருக்கும் சிலிக்கா, கரித்தூசியை விடப் பல மடங்கு கொடியது. கறுப்பு நுரையீரல் நோய் தாத்தா காலத்தோடு போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2018-ல் வெளிவந்த அரசாங்க ஆய்வு, நடு அப்பலாச்சியாவில் 25 வருடத்துக்கு மேல் வேலை செய்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு அது இருக்கிறது என்றது. முப்பது, நாற்பது வயதுக்காரர்களுக்கே நுரையீரல் கல்லாகிறது. சிலிக்கா தூசியைக் கட்டுப்படுத்த 2024-ல் ஒரு விதி கொண்டுவந்தார்கள், 2025-ல் அது நடைமுறைக்கு வரவேண்டிய நேரத்தில் தள்ளிப்போட்டுவிட்டார்கள், அதாவது தொப்பி போட்டவர்களை நிறுத்தி வைத்துப் படம் எடுத்த அதே மாதத்தில். எனக்கு இந்தக் கதையில் கோபம் வரும் இடம் இது ஒன்றுதான்.

இவ்வளவையும் படித்தபோது எனக்கு அடிக்கடி பத்து ஆராங் மனதில் வந்து நின்றது. கோலாலம்பூரில் இருந்து ரவாங் பக்கமாக ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், ஆனால் நம்மில் பல பேருக்கு அது ஒரு கரிச் சுரங்க ஊர் என்றே தெரியாது. பேரிலேயே கரி இருக்கிறது, ஆராங் என்றால் கரிதான். மலாயன் கோலியரிஸ் என்ற கம்பெனி 1915-ல் இருந்து அங்கே கரி வெட்டியது. மலாயாவின் ரயிலும் ஈயச் சுரங்கங்களும் மின்நிலையமும் அந்தக் கரியில் ஓடின. வேலை செய்தவர்களில் சீனர்கள் அதிகம், நம்மவர்களும் மலாய்க்காரர்களும் இருந்தார்கள். 1937 மார்ச்சில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் சுரங்கத்தையே தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள், போலீஸ் படை போய்த்தான் மீட்டது. 1921-ல் மேற்கு வெர்ஜீனியாவின் பிளேர் மலையில் சுமார் பத்தாயிரம் சுரங்கத் தொழிலாளர்கள் துப்பாக்கி எடுத்தார்கள் என்று படிக்கும்போது அந்நியமாகத் தோன்றவில்லை. வீடு கம்பெனியுடையது, கடை கம்பெனியுடையது, வேலை போனால் வீடும் போகும். தோட்டத்து லயத்தில் பிறந்தவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

1950-களில் ரயில் எண்ணெய்க்கும் டீசலுக்கும் மாறியது. வாங்க ஆள் இல்லாமல் போய், 1960-ல் பத்து ஆராங் சுரங்கம் மூடப்பட்டது. அங்கே யாரும் பசுமைச் சட்டம் போடவில்லை. இதில் இன்னொரு விசித்திரம் பாருங்கள், மலேசியா இன்றைக்கு அன்றைவிடப் பல மடங்கு கரி எரிக்கிறது. காப்பார், மஞ்சோங், தஞ்சோங் பின், ஜிமா என்று கடலோரமாகப் பெரிய கரி மின்நிலையங்கள் இருக்கின்றன. கரி இந்தோனேசியாவில் இருந்தும் ஆஸ்திரேலியாவில் இருந்தும் கப்பலில் வருகிறது. நாட்டில் கரிக்கு இவ்வளவு தேவை இருந்தும் பத்து ஆராங்குக்கு ஒரு வேலைகூடத் திரும்பவில்லை. ஈயத்துக்கும் இதே கதி. 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்து கிந்தா பள்ளத்தாக்கில் சுரங்கம் சுரங்கமாக மூடினார்கள். 2022-ல் ஈய விலை டன்னுக்கு 40,000 டாலரைத் தாண்டி வரலாறு காணாத உச்சத்துக்குப் போனது, அதற்காக ஈப்போவில் யாரும் டூலாங் தட்டை எடுத்துக்கொண்டு ஈயம் அலசப் போகவில்லை.

அப்படியானால் மேற்கு வெர்ஜீனியாக்காரர்கள் ஏன் இன்னும் நம்புகிறார்கள்? அவர்களை ஏமாளிகள் என்று எழுதுபவர்களை எனக்குப் பிடிக்காது. பள்ளிப் படிப்பை முடித்த ஒருவன் பிறந்த ஊரை விட்டுப் போகாமல் ஒரு குடும்பத்தை முழுதாகக் காப்பாற்றும் சம்பளம் அங்கே சுரங்கத்தில் மட்டும்தான் கிடைத்தது. அதற்குப் பதிலாக அவர்களிடம் நீட்டப்பட்டது என்ன? கடையில் பொருள் அடுக்கும் வேலை, சிறைக் காவலர் வேலை, இல்லாவிட்டால் கணினிப் பயிற்சி. ஐம்பது வயது ஆளுக்குக் கணினிப் பயிற்சி! மூடிய தோட்டத்தில் பால் வெட்டியவரிடம் ஏதோ கைத்தொழில் பயிற்சிச் சான்றிதழைக் கொடுத்துப் பட்டணத்துக்கு அனுப்பியதை நாம் பார்த்திருக்கிறோம். இன்னொருவன் வந்து "உன் வேலையைத் திருப்பித் தருகிறேன்" என்று சொன்னால் அந்தக் குரலுக்குக் காது கொடுக்கத்தான் தோன்றும், அது நடக்காது என்று உள்ளுக்குள் தெரிந்தாலும்.

போன வாரம் அதே கடையில் இதில் பாதியை அண்ணனிடம் சொன்னேன். வயோமிங் கணக்கு வந்த இடத்தில் அவர் கேட்பதை நிறுத்திவிட்டார் என்று நினைக்கிறேன். அப்பாவின் முழங்கை வரைக்கும் இருந்த நீலப் புள்ளிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார், தோலுக்குள் போன கரித்தூள், கடைசி வரைக்கும் போகவில்லையாம். அப்புறம் அவருடைய பேரன் பற்றி. பையன் ஒரு கரி மின்நிலையத்தில்தான் வேலை பார்க்கிறான், கட்டுப்பாட்டு அறையில், ஷிஃப்ட் முறையில். கப்பலில் இருந்து பெல்ட் மேல் ஏறி உலைக்குள் போகும் வரை எல்லாம் திரையில்தான் தெரியுமாம்.

"மூணு வருஷம் ஆச்சு, இன்னும் ஒரு தடவைகூடக் கரியைக் கையால தொட்டதில்லையாம், தம்பி," என்றார். கடைக்காரரிடம் இன்னொரு தே ஓ சொன்னார்.